மென்பொருள் வேலையோடு த்ரில்லர் நாவல்: ஒப்பந்தம், துப்பு, அச்சு பற்றிச் சில கேள்விகள்

கொட்டகலை_குளிர்

எல்லாருக்கும் வணக்கம். கொழும்புக் கொம்பனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தே பேக்கெண்ட் (சேர்வர் பக்க மென்பொருள்) வேலை செய்கிறேன். ஒரு த்ரில்லர் நாவல் பாதிவரை வந்திருக்கிறது. களம் தேயிலைத் தோட்டம், காலம் 2023, நடுவில் 2001இல் நடக்கும் ஒரு பகுதி. தோட்ட ஆபிஸுக்குப் புதிதாக வந்த பெண் ஈ.பி.எஃப். (ஊழியர் சேமலாப நிதி) கணக்கில் ஒரு மோசடியைப் பிடிக்கிறாள். அது ஒரு கொலையில் போய் முடிகிறது.

கொம்பனியோடு செய்த ஒப்பந்தம் நாவலின் உரிமையில் கை வைக்குமா? எங்கள் துறைச் சங்கதியை எவ்வளவு எழுதலாம், எங்கே நிறுத்த வேண்டும்? அச்சுக்குப் போகும்போது எதில் மாட்டுவேன்? கடைசியாக, இதை நம்பி வேலையை விடும் நாள் வருமா? ஆறுதல் வேண்டாம், விவரம் சொல்லுங்க.

சட்டக்கோப்பு

ஒப்பந்தத்திலிருந்து தொடங்குவோம். 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்க புலமைச் சொத்துச் சட்டம், 14ஆம் பிரிவு. ஊழியர் தன் வேலையின்போக்கில் ஆக்கியதற்குத்தான் பொருளாதார உரிமை முதலாளிக்குப் போகும், அதுவும் ஒப்பந்தம் வேறு விதமாகச் சொல்லாவிட்டால். பேக்கெண்ட் எழுதுபவரின் நாவல் வேலையின்போக்கில் வராது. சிக்கல் சட்டத்தில் இல்லை, உங்கள் நியமனக் கடிதத்தில் இருக்கலாம். ஐ.டி. கொம்பனிகள் பல, வெளிநாட்டு மாதிரி ஒன்றைப் பார்த்து எழுதிய வாசகத்தை அப்படியே வைத்திருக்கும்: வேலையில் இருக்கும் காலத்தில் உருவாக்கிய எல்லாம் கொம்பனிக்கே. அந்த வரியையும், வெளி வருமானத்துக்கு அனுமதி கேட்கும் வரியையும் தேடிப் பாருங்க.

இருந்தால் எச்.ஆருக்கு ஒரு மின்னஞ்சல் போதும். இது புனைவு, அலுவலக நேரமோ கருவியோ பயன்படுத்தவில்லை, வாடிக்கையாளர் தகவல் எதுவும் இல்லை, உரிமை என்னுடையது, எழுத்தில் உறுதிப்படுத்தவும். வந்த பதிலைச் சொந்தக் கணக்கில் சேமித்து வையுங்க. வேலையை விடும் நாளில் அலுவலக அஞ்சல்பெட்டி மூடப்பட்டுவிடும்.

அலுவலக மடிக்கணினியில் ஒரு வரிகூடத் தட்ட வேண்டாம். பிரதியைக் கிட்டில் (கோப்பின் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் மென்பொருளில்) வைப்பவர்கள் கவனிக்காத இடம் ஒன்று: அதன் பொது அமைப்பில் அலுவலக மின்னஞ்சல் இருந்தால், ஒவ்வொரு கொமிட்டிலும், அதாவது சேமிக்கும் ஒவ்வொரு மாற்றத்திலும், அதுதான் பதிவாகும். நாளைக்குத் தகராறு வந்தால், "எங்கள் கணக்கிலிருந்து எழுதியது" என்று காட்ட அவர்களுக்கு வேறு ஆதாரமே வேண்டாம். நாவல் இருக்கும் கோப்புறைக்கு மட்டும் தனி மின்னஞ்சல் அமையுங்க.

பதிப்புரிமைக்கு இலங்கையில் பதிவு எதுவும் தேவையில்லை. எழுதியவுடன் உண்டு, ஆயுளுக்குப் பின் 70 ஆண்டு நீடிக்கும். தோட்டத்தின் பெயர், கொம்பனியின் பெயர் எல்லாம் கற்பனையாக இருக்கட்டும். குற்றவியல் அவதூறு 2002இலேயே நீக்கப்பட்டுவிட்டது, ஆனால் சிவில் வழக்கு போடத் தடை இல்லை. "சம்பவங்கள் யாவும் கற்பனை" என்று முதல் பக்கத்தில் போட்டால் தப்பிவிடலாம் என்பது நம் ஊர் நம்பிக்கை. அடையாளம் தெரிகிற மாதிரி எழுதிவிட்டால் அந்த வரி காப்பாற்றாது.

வேலையை விடுவது பற்றி: டேனியல் சுவாரஸ் மென்பொருள் ஆலோசகராக இருந்தவர். முதல் டெக்னோ த்ரில்லரை 2006இல் சொந்தமாகவே வெளியிட்டார், பெரிய பதிப்பகம் அதை எடுத்து மறுபடி வெளியிட்டது 2009இல். உலகம் முழுக்க வாசகர் உள்ள ஆங்கிலத்திலேயே அந்த இடைவெளி. தமிழில் சுஜாதா பாரத் எலெக்ட்ரானிக்ஸ் வேலையில் இருந்துகொண்டேதான் நிறைய எழுதினார்.

நம் கணக்கை ஒரு தாளில் போட்டுப் பாருங்க. விலை 1,000 ரூபாய், 500 பிரதி என்று வைப்போம். கடைக் கழிவு மூன்றில் ஒன்று போனால் ஏறத்தாழ 670. அச்சுச் செலவு பிரதிக்கு 450 என்றால் மிச்சம் 220. ஒன்று விடாமல் விற்றால் 1,10,000 ரூபாய், அதுவும் கடைக்காரர் பணம் தரும்போது. இரண்டு வருட உழைப்புக்கு உங்கள் ஒரு மாதச் சம்பளம்கூட வராது. வேலையை விடாதீங்க.

செக்ரோல்

தங்கச்சி, ஹேக்கிங் காட்சியை மறந்துடுங்க. கறுப்புத் திரையில் பச்சை எழுத்து ஓடுவதைச் சினிமாவில் பார்த்துப் பார்த்து எல்லாருக்கும் அலுத்துவிட்டது. உங்கள் தொழில் உங்களுக்குத் தந்திருக்கும் பலம் வேறு: ஒரு பதிவை மாற்றினால் வேறு எந்தப் பதிவெல்லாம் பொய்யாகும் என்று யோசிக்கிற பழக்கம். தோட்டமே ஒரு பதிவுக் கிடங்குதான்.

செக்ரோலில், அதாவது தோட்டத்தின் வரவு, சம்பளப் பதிவில், உலகத்திலேயே இல்லாத ஆளுக்குப் பேர் போடுவது பழைய களவு. அதை இன்றைக்கு ஒரு கிளாக்கர் (ஆபிஸ் எழுதுநர்) செய்தால் என்னவெல்லாம் ஒட்டவைக்க வேண்டும் என்று பாருங்க. சம்பளம் எழுதினால் ஈ.பி.எஃப். எழுத வேண்டும்: ஆளிடமிருந்து 8 வீதம், தோட்டத்திடமிருந்து 12 வீதம், ஈ.டி.எஃப். (ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதி) 3 வீதம் தனி. எழுதாமல் விட்டால் செக்ரோல் மொத்தத்துக்கும் ஈ.பி.எஃப். மொத்தத்துக்கும் இடிக்கும். எழுதப் போனால் அங்கத்துவ இலக்கம் வேண்டும், அதற்கு அடையாள அட்டை இலக்கம் வேண்டும். ஆக, அவன் ஒரு அட்டை இலக்கத்தைக் கற்பனையாகச் செய்தாக வேண்டும்.

இங்கேதான் உங்கள் துப்பு. பழைய அட்டையில் ஒன்பது இலக்கமும் வி அல்லது எக்ஸ் எழுத்தும். முதல் இரண்டு பிறந்த வருடம், அடுத்த மூன்று வருடத்தின் எத்தனையாவது நாள், பெண்ணாக இருந்தால் அதோடு 500. 2016இலிருந்து வரும் 12 இலக்க அட்டையில் வருடம் நான்கு இலக்கமாகிவிட்டது, நாள் கணக்கு அதேதான். அந்த நாள் கணக்கில் ஒரு விசித்திரம் உண்டு: லீப் வருடமோ இல்லையோ, பெப்ரவரி 29ஐ எப்போதும் சேர்த்தே எண்ணுவார்கள். அதனால் மார்ச் 1 எந்த வருடத்திலும் 061. பெண்ணுக்கு 561.

கிளாக்கர் 1987 மார்ச் 1இல் பிறந்த ஓர் ஆணை உருவாக்குகிறான். கணினியில் நாள் கணக்குப் பார்க்கிறான், 1987 லீப் வருடம் இல்லை, விடை 60. இலக்கத்தை 87060 என்று தொடங்குகிறான். ஆனால் அட்டை முறைப்படி 060 என்றால் பெப்ரவரி 29. 1987இல் அப்படி ஒரு நாளே இல்லை. இதைக் கண்டுபிடிக்க உங்கள் நாயகிக்கு ஹேக்கிங் எதுவும் வேண்டாம், லீப் அல்லாத வருடங்களில் மார்ச் 1 தொடங்கிப் பிறந்ததாகப் போட்ட பொய்யாட்கள் எல்லாருக்கும் ஒரு நாள் பிசகுவதைப் பார்த்தால் போதும். வாசிப்பவர் தன் பர்ஸிலிருந்து அட்டையை எடுத்துச் சரிபார்ப்பார். அந்த இடத்தில் புத்தகத்தை மூட மாட்டார்.

இன்னொரு வசதி, 87060 என்று தொடங்கும் இலக்கம் உண்மையில் யாருக்கும் இருக்க முடியாது, அச்சிட்டாலும் பாதகம் இல்லை. ஐ.பி. முகவரி காட்ட வேண்டுமென்றால் 192.0.2 அல்லது 203.0.113 என்று தொடங்குவதைப் போடுங்க. விளக்க எடுத்துக்காட்டுக்கென்றே ஒதுக்கி வைத்தவை, யாருடைய சேர்வரும் அங்கே இல்லை.

அடுத்தது கொழுந்து. இல்லாத ஆளுக்குப் பேர் போட்டால் கிலோவும் போட வேண்டும். ஒரு நாளைக்கு 18 கிலோ என்று வைப்போம். அது எங்கிருந்து வரும்? மலையில் நிறுத்துப் பார்த்த கொழுந்து மொத்தமும் ஸ்டோரில் (தேயிலைத் தொழிற்சாலையில்) மறுபடி நிறுக்கப்படும். நூறு கிலோ பச்சைக் கொழுந்துக்கு 21, 22 கிலோ தூள் வர வேண்டும் என்று டீமேக்கருக்கு (அங்கே தூள் தயாரிப்பைப் பார்ப்பவருக்கு) தெரியும். சும்மா கூட்டி எழுதினால் அன்றைக்கே பிடிபடுவான். ஆகவே மற்றவர்களிடமிருந்துதான் எடுக்க வேண்டும். தராசில் டெயாரை (கூடை, பை எடைக்காகக் கழிக்கும் அளவை) அரைக் கிலோ கூட்டி வைத்தால் ஒரு நாளைக்கு மூன்று நிறுவையில் ஆளுக்கு ஒன்றரைக் கிலோ. 12 பேரிடம் எடுத்தால் ஒரு பொய்யாளுக்கு 18 கிலோ கிடைத்துவிடும், 36 பேர் எடுக்கும் மலையில் மூன்று பொய்யாட்கள். மலைக் கணக்கு, ஸ்டோர் கணக்கு, தூள் கணக்கு மூன்றும் கச்சிதமாக ஒத்துப்போகும்! எந்த மென்பொருளும் மணி அடிக்காது. கூடைக்கும் ஈரத்துக்கும் கழிப்பது எப்போதும் நடப்பதால் யாரும் புதிதாகச் சத்தம் போடவும் மாட்டார்கள். காட்டிக்கொடுக்கக்கூடியது, தன் கிலோவைப் பிள்ளையின் அப்பியாசக் கொப்பியில் தினமும் எழுதி வைக்கும் ஓர் அக்காவின் கணக்கு மட்டும்தான். கொலை அவரைச் சுற்றி நடக்கட்டும்.

சம்பளத் தொகையைக் கவனிங்க. 2023 என்றால் நாட்சம்பளம் 1,000 ரூபாய். 1,350 வந்தது 2024 செப்டம்பரில். இதில் பிசகினால் மலையக வாசகர் யாரும் மன்னிக்க மாட்டார்.

எதிர்மலை

செக்ரோல் அண்ணே சொன்னதில் டெயார் மட்டும் இடிக்குது. டெயார் போட்ட தராசைக் காலியாக விட்டால் −0.5 என்று காட்டும். மூட்டையை இறக்கியதும் வரிசையில் நிற்கிற எல்லாருக்கும் அந்தக் கழித்தல் குறி தெரியும். களவைத் தராசில் வைக்காமல், நிறையை வாங்கிப் பதியும் செயலியின் கழிவு அமைப்பில் வைக்கட்டும். தராசு 14.5 காட்டும், பதிவில் 14 விழும். தராசைச் சோதிக்க வரும் அதிகாரி ஐந்து கிலோப் படிக்கல்லை வைத்துப் பார்த்து, எல்லாம் சரி என்று எழுதிவிட்டுப் போவார். அமைப்பை யார் எப்போது மாற்றினார் என்ற பதிவு சேர்வரில் இருக்கும், அதில் நேரமும் இருக்கும்.

நேரம் என்றதும் உங்கள் 2001 பகுதி. அப்போது இலங்கையின் நேரம் இன்றைய நேரம் இல்லை. 1996 மே 25இல் ஒரு மணித்தியாலம் முன்னே தள்ளி கிரீன்விச் நேரத்தைவிட ஆறரை மணித்தியாலம் ஆக்கினார்கள், அதே வருடம் ஒக்டோபர் 26இல் ஆறாகக் குறைத்தார்கள், 2006 ஏப்ரல் 15இல்தான் ஐந்தரைக்குத் திரும்பியது. 2001 சேர்வர் பதிவு யு.டி.சி.யில் (கிரீன்விச் நேரத்தில்) இருந்து, 2023இல் ஒருவர் பழக்கதோஷத்தில் ஐந்தரை கூட்டினால் அரை மணித்தியாலம் பிசகும். ஹட்டனிலிருந்து தலவாக்கலைக்கு ரயிலில் ஏறத்தாழ அவ்வளவு நேரம்தான். ஒருவரின் அலிபி நிற்பதும் விழுவதும் அதில் இருக்கலாம். நேர வலயத்தை 'ஏசியா கொழும்பு' என்று கொடுத்தால் மென்பொருள் இந்த வரலாற்றைத் தானே கவனித்துக்கொள்ளும், கையால் கூட்டுபவர்தான் மாட்டுவார். உங்கள் நாயகி இதைக் கண்டுபிடித்தால் நம்பலாம், பேக்கெண்ட் ஆட்களைத் தூங்கவிடாத சங்கதியே இதுதானே.

டவர் விவகாரம். "போன் இந்த டவரில் இருந்தது, அதனால் ஆள் இந்த லயத்தில் இருந்தான்" என்று எழுதிவிட வேண்டாம் (லயம் என்றால் தோட்டத்து வரிசை வீடுகள்). கொழும்பில் ஓரளவு ஓடும், மலையில் ஓடாது. பக்கத்து டவர் மலை மடிப்புக்குப் பின்னால் மறைந்திருக்கும், பள்ளத்தாக்கைத் தாண்டி எதிர்மலையில் நிற்பது நேராகத் தெரியும். போன் சமிக்ஞை பலமாக வரும் பக்கம்தான் ஒட்டும். பழைய ஜி.எஸ்.எம்.மில் டவரிலிருந்து தூரத்தை ஏறத்தாழ 550 மீட்டர் படிகளாகத்தான் அறியலாம். அதுவும் ஒரு வளையம், புள்ளி அல்ல. சாதாரண அழைப்புப் பட்டியலில் அந்தத் தூரம்கூட இருக்காது, எந்த செல் என்பதோடு சரி. பொலிஸ் தப்பான மலையில் தேடுவதற்கு இது அருமையான காரணம்.

சாட்சியத்துக்கு ஒரு கெடு உண்டு. 1995ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சட்டப்படி கணினிச் சான்றை முன்வைக்கப் போகிறவர், விசாரணைக்கு 45 நாளுக்கு முன்பே எதிர்த்தரப்புக்கு அறிவித்தல் கொடுக்க வேண்டும். தெலுங்குப் படம் மாதிரி கடைசி நிமிடத்தில் பென் டிரைவோடு நீதிமன்றத்துக்குள் ஓடி வரும் காட்சி செல்லாது. கெடு முடியும் நாளை வைத்தே பரபரப்பைக் கட்டலாம். நாயகி தானே இன்னொருவரின் கணக்குக்குள் நுழைந்தால் 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்க கணினிக் குற்றச் சட்டம் அவள் மேலும் பாயும் என்பதையும் மறக்க வேண்டாம். அது கதைக்குக் கெடுதல் இல்லை, நல்லதுதான்.

ஃபோர்ம்_16

அச்சுப் பக்கம் நான் சொல்றேன்.

நீங்கள் ஒருங்குறியில் (யூனிகோட்) எழுதியிருப்பீங்க. நம்ம ஊர் அச்சகம் பல இன்னும் பாமினி என்ற பழைய எழுத்துருவில்தான் பக்கம் கட்டுது. எழுத்துரு மாற்றியில் போட்டால் தமிழ் ஒழுங்காக வரும், ஆனால் இடையில் உள்ள ஆங்கில எழுத்தெல்லாம் பாமினி எழுத்துருவில் அர்த்தமில்லாத தமிழாகத் தெரியும். உங்கள் நாவலில் கோப்புப் பெயர், கட்டளை, மின்னஞ்சல் எல்லாம் இருக்கும், அத்தனையும் குப்பையாகும். எல்லாச் சொல்லையும் தமிழ் எழுத்திலேயே எழுதிவிடுவது மேல். முடியாத இடத்துக்கு ஒரு பட்டியல் போட்டுக் கொடுத்து, தனி எழுத்துருவில் வைக்கச் சொல்லுங்க. ஒருங்குறியிலேயே இன்டிசைன் மென்பொருளில் பக்கம் கட்டும் ஆள் கிடைத்தால் விடாதீங்க. அதில் உலக மொழிகளுக்கான பந்தி அமைப்பியைத் தெரிவு செய்யாவிட்டால் கொம்பு இடம் மாறும்.

மாற்றும் முன் செய்ய வேண்டியது ஒன்று. 'கொ' என்பதை ஒற்றைக் குறியாகவும் தட்டலாம், கொம்பும் காலுமாக இரண்டாகவும் தட்டலாம். திரையில் வித்தியாசம் தெரியாது, தேடினால் பாதிதான் கிடைக்கும். ஸ்ரீக்கும் இதே கதை, ஸகரத்தில் ஒன்று, ஶகரத்தில் ஒன்று. ஒகர ஓகாரத்தை என்.எஃப்.சி. என்ற ஒற்றைக் குறி வடிவத்துக்குக் கொண்டுவர பைத்தனில் இரண்டு வரி போதும். ஸ்ரீயை அது தொடாது, தனியாகத் தேடி மாற்றணும். பாத்திரத்தின் பெயரை 200ஆம் பக்கத்தில் மாற்றும்போதுதான் இதன் அருமை தெரியும்.

பக்கம் 16இன் மடங்கில் வரட்டும். டெமி அளவில் ஒரு ஃபோர்முக்கு (சேர்த்து அச்சிட்டு மடிக்கும் தொகுதிக்கு) 16 பக்கம். 195 பக்கம் வந்தால் 208க்குப் பணம் கட்டுவீங்க, மூன்று பக்கம் குறைத்து 192 ஆக்கினால் ஒரு ஃபோர்ம் மிச்சம்.

ஐ.எஸ்.பி.என். (சர்வதேச நூல் இலக்கம்) வாங்குவது கொழும்பு 7இல் உள்ள தேசிய நூலக ஆவணவாக்கல் சேவைகள் சபையில். எழுத்தாளரே விண்ணப்பிக்கலாம், பதிப்பகம் தேவையில்லை. இலங்கை இலக்கம் 955 அல்லது 624 என்று வரும். அட்டையை முடிப்பதற்கு முன்பே வாங்குங்க, பின்னட்டையில் பட்டைக்குறிக்கு இடம் விட மறந்து ஸ்டிக்கர் ஒட்டிய புத்தகம் நிறையப் பார்த்தாச்சு. சட்டப்படி சுவடிகள் திணைக்களத்துக்குப் பிரதி கொடுப்பது அச்சகத்தின் கடமை, கொடுத்தார்களா என்று கேளுங்க. அப்படிச் சட்டப்படி பிரதி போய்ச் சேரும் நூலகங்களில் பேராதனைப் பல்கலைக்கழகமும் ஒன்று.

அமேசன் கிண்டிலில் தமிழ் மின்னூல் போடலாம், தமிழில் அச்சுப் பதிப்பு அங்கே கிடையாது. வரி விவரம் கேட்கும் இடத்தில் உங்கள் இறைவரி இலக்கத்தைக் கொடுத்து டபிள்யூ 8 பென் (வெளிநாட்டவருக்கான அமெரிக்க வரி) படிவத்தை நிரப்புங்க. விட்டால் அமெரிக்க விற்பனையின் உரிமத்தொகையில் 30 வீதம் பிடிப்பார்கள், இரு நாட்டு ஒப்பந்தப்படி அது 10.

கொட்டகலை_குளிர்

எல்லாருக்கும் நன்றி. எதிர்மலை அண்ணே, ஒன்று மட்டும். உச்சக்கட்டத்தில் வில்லன், 'மேல் கொத்மலை' நீர்மின்நிலையத்தின் கட்டுப்பாட்டு அமைப்புக்குள் புகுந்து தலவாக்கலையை இருளாக்கி வெள்ளத்தில் மூழ்கடிப்பதாக வைத்திருக்கிறேன். ஓடுமா?

எதிர்மலை

ஓடாது. அணை தலவாக்கலையில், மின்நிலையம் ஏறத்தாழ 13 கிலோமீட்டர் சுரங்கத்துக்கு அப்பால் நிலத்துக்குள் நியம்கம்தொரவில். இரண்டையும் ஒரே காட்சியில் துரத்த முடியாது. 150 மெகாவாட் நிலையம், ஒரு இயந்திரத்தை நிறுத்தினால் போவது 75. அதற்கு ஊர் இருளாக வேண்டும் என்றில்லை. அணைக் கதவைத் திறந்தாலும் தண்ணீர் போவது கீழ்நோக்கி, டவுனுக்கு மேல்நோக்கி அல்ல. தவிரவும், 2025 பெப்ரவரி 9இல் பாணந்துறை உபநிலையத்தில் குரங்கு ஒன்று மாட்டியதால் நாடே இருண்டதாக அறிவித்தார்கள். அதற்குப் பிறகு மின்தடைக்கு ஒரு மேதாவி வில்லன் தேவை என்றால் யாரும் நம்பப் போவதில்லை.

செக்ரோல்

அணையை விடுங்க தங்கச்சி, உச்சக்கட்டத்தைத் தோட்ட ஆபிஸுக்குள்ளேயே வையுங்க. ஓகஸ்ட் மாதச் சம்பளம் செப்டம்பர் 10ஆம் திகதிக்குள் கைக்கு வரும், அதன் ஈ.பி.எஃப். கட்டவேண்டிய கடைசி நாள் செப்டம்பர் 30. 10ஆம் திகதி பொய்யாளின் சம்பளத்தை யாராவது வந்து வாங்கியாக வேண்டும், வங்கிக்குப் போனால் கணக்கு யார் பெயரில் என்ற கேள்வி வரும். 30ஆம் திகதிக்குள் இலக்கத்தைத் திருத்தினால் தடயம் போய்விடும். கிளாக்கருக்கும் உங்கள் நாயகிக்கும் இடையில் இருப்பது அந்த இருபது நாள்தான்.